காடு திருத்தியவர்கள்



பினாங்குக்குப் போகிறவர்கள் கடலோரத்தில் உள்ள கார்ன்வாலிஸ் கோட்டையைப் பார்க்காமல் திரும்புவதில்லை. அங்கே பிரான்சிஸ் லைட்டின் சிலை நிற்கிறது. அவர்தாம் அந்த ஊரை உண்டாக்கினார் என்று பள்ளியில் படித்திருப்போம். ஒரு மனிதர் தனியாக ஓர் ஊரை உண்டாக்கிவிட முடியுமா?

முதலில் வேறொரு கரையைப் பார்ப்போம். தங்கள் மனச்சாட்சிப்படி இறைவனை வழிபட இங்கிலாந்தில் இடமில்லை என்று கண்ட மக்கள் சிலர், 1620ஆம் ஆண்டு 'மேஃபிளவர்' என்ற கப்பலில் அமெரிக்காவுக்குப் புறப்பட்டார்கள். பிறரையும் சேர்த்துப் பயணிகள் 102 பேர். கடுங்குளிர் காலத்தில் பிளிமத் என்னும் இடத்தில் குடியேறினார்கள். வீடில்லை, போதிய உணவில்லை. குளிர்காலம் முடிவதற்குள் ஏறக்குறையப் பாதிப் பேர் மாண்டு போனார்கள். மிஞ்சியவர்களுக்கு, மீனை உரமாகப் புதைத்து மக்காச்சோளம் பயிரிடக் கற்றுக்கொடுத்தவர் அந்த மண்ணின் மைந்தரான ஸ்குவாண்டோ. அந்தக் கை நீளாதிருந்தால் அவர்கள் பிழைத்திருப்பது அரிது.

இனி நம் பினாங்குக்கு வருவோம். 1786 ஆகஸ்டு 11ஆம் நாள் லைட் இங்கே கொடியேற்றினார். அவர் வந்தது சமயத்துக்காக அன்று. கிழக்கிந்தியக் கம்பெனியின் வாணிபத்துக்காக. ஆனால் பட்ட துன்பம் ஒரே வகைதான். அங்கே குளிர் கொன்றது. இங்கே காய்ச்சல் கொன்றது. காட்டு மரங்களின் உறுதிக்குக் கோடரிகள் உடைந்தன. வெள்ளிக்காசுகளைப் பீரங்கியில் இட்டுக் காட்டுக்குள் சுட்டு, அவற்றைத் தேடும் ஆசையில் ஆட்களைக் காடு வெட்ட வைத்தார் லைட் என்று ஒரு கதையும் உண்டு. அவரையும் 1794இல் மலேரியா கொண்டுபோயிற்று. கொசுதான் அந்நோயைப் பரப்புகிறது என்பதை ரொனால்ட் ராஸ் இந்தியாவில் கண்டறிந்தது 1897இல்தான்.

காட்டை வெட்டியவர்கள், மூட்டை சுமந்தவர்கள், கடை வைத்தவர்கள் யார்? லைட் இறந்த ஆண்டில் எழுதிய அறிக்கையே சொல்கிறது. சோழமண்டலக் கரையைச் சேர்ந்த சூலியர்கள் ஏறக்குறைய 1,000 பேர் இங்குக் குடியிருந்தார்கள். அவர்களைத் தவிர, ஆண்டுதோறும் 1,300 முதல் 2,000 ஆண்கள் கப்பலில் வந்து உழைத்து, சில வெள்ளி சேர்த்துக்கொண்டு ஊர் திரும்பினார்கள். அவர்களில் எத்தனை பேரின் பெயர் நமக்குத் தெரியும்? சூலியா தெரு என்னும் பெயர்தான் அவர்களை நினைவூட்டி நிற்கிறது.

நேயர்களே, பின்னாளில் காட்டை அழித்துப் பால்மரம் நட்ட நம் பாட்டன் பாட்டிகளின் கதையும் இதுவே. அவர்களுக்கு எவரும் சிலை வைக்கவில்லை. ஆகவே இன்றிரவு உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள்: எந்த ஊரிலிருந்து வந்தோம்? எந்தத் துறைமுகத்தில் இறங்கினோம்? முதலில் எந்தத் தோட்டத்தில் வேலை செய்தோம்? அவர்கள் சொல்வதைப் பிள்ளைகள் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்கட்டும். சொல்லத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும்.