பழைய சைக்கிளுக்குப் புது வாழ்வு
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

இசையும் நாடகமும் நிறைந்த இம்மேடையில் பழைய சைக்கிளைப் பற்றிப் பேச வந்திருக்கிறோமே என்று தங்களுள் சிலர் வியக்கக்கூடும். இக்காலனியில் வாழும் நாங்கள் நால்வர், ஞாயிற்றுக்கிழமைதோறும் பழைய சைக்கிள்களை வாங்கிச் செப்பனிட்டு விற்று வருவதைத் தாங்கள் அறிவீர்கள். வராந்தாவில் எந்நேரமும் மண்ணெண்ணெய் நாற்றம் வீசுகிறது என்று எங்கள் இல்லத்தரசிகள் கூறும் குறையும் தங்கள் செவிக்கு எட்டியிருக்கும். அந்நாற்றத்திற்கு ஒரு நியாயம் கூறுவதே இவ்வுரையின் நோக்கம்.

தலைநகரத் தமிழர் வாழ்வில் சைக்கிளுக்குத் தனி இடம் உண்டு. 1950களில் கரோல் பாகிலிருந்தும் கோல் மார்க்கெட்டிலிருந்தும் செக்ரடேரியட்டுக்குச் சைக்கிளில் சென்று வந்த எழுத்தர்களின் பேரப்பிள்ளைகள் இன்று இவ்வவையில் இருக்கிறார்கள். இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரில் செய்த ராலே, பர்மிங்ஹாமில் செய்த பி.எஸ்.ஏ., ஹெர்குலிஸ் ஆகியவற்றை அன்று வைத்திருப்பதே ஒரு மதிப்பு. பின்னர் நம் நாட்டிலேயே தொழிற்சாலைகள் எழுந்தன. சென்னையை அடுத்த அம்பத்தூரில் ஹெர்குலிஸ் சைக்கிளைச் செய்ய 1949இல் டி.ஐ. நிறுவனம் தோன்றியது. வங்கத்து ஆசன்சோலில் சென்-ராலே எழுந்தது. நமக்கு அண்மையிலுள்ள சோனிபத்தில் 1951இல் அட்லஸ் தொடங்கிற்று. காலம் அனைத்தையும் மாற்றியது. நாட்டிங்காம் ஆலை 2002இல் மூடப்பட்டது. அட்லஸின் சாகிபாபாத் ஆலை 2020 ஜூன் 3ஆம் நாள், உலகச் சைக்கிள் தினத்தன்றே கதவடைத்தது. ஆகவே, இன்று ஒரு பழைய வண்டியைச் சிதைத்துவிட்டால் அதற்கு ஈடாக வேறொன்று பிறக்கப் போவதில்லை.

மேலை நாடுகளில் இப்பொழுதுபோக்கு நன்கு வேரூன்றியிருக்கிறது. அங்கே வளைந்த கைப்பிடியும் மெலிந்த சட்டமும் கொண்ட பந்தய சைக்கிள்களையே பலரும் தேடுகின்றனர். 1935இல் வெளிவந்த ரெய்னால்ட்ஸ் 531 என்னும் எஃகுக் குழாய், நடுவில் மெலிந்தும் முனைகளில் தடித்தும் இருப்பதால் எடை குறைந்து வலிமை குன்றாதது. இத்தாலியின் கையோலே என்னும் சிற்றூரில் 1997 முதல் நடைபெறும் எரோய்கா விழாவில், 1987க்கு முன் செய்த பந்தய சைக்கிள்களே மண்சாலையில் ஓடுகின்றன. நம் நாட்டில் அத்தகைய வண்டிகள் அரிது. நமக்குக் கிடைப்பவை பெரும்பாலும் 28 அங்குலச் சக்கரமும் கம்பிப் பிரேக்கும் கொண்ட, ஏறத்தாழ 20 கிலோ எடையுள்ள கனத்த வண்டிகளே. நம் சாலைக்கும் நம் சுமைக்கும் ஏற்றவை அவையே. அவற்றின் டயர் இன்றும் ஜண்டேவாலான் சந்தையில் கிடைக்கிறது.

வாங்கும்போது முதலில் காண வேண்டியது வண்ணமன்று, வயது. பல்சக்கரத்தில் கொக்கின் தலை இருந்தால் ராலே; விரிந்த கை இருந்தால் ரட்ஜ்; ஓடும் மனிதர் ஐவர் இருந்தால் ஹம்பர். பின்சக்கரத்தில் ஸ்டர்மி-ஆர்ச்சர் மூன்று வேகக் கியர் இருந்தால், அதன் குடத்தின் மேல் துணியால் துடைத்துப் பாருங்கள். செய்த ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்களைப் பெரும்பாலும் அங்கே பொறித்திருப்பார்கள். 1936இல் வந்த அந்த ஏ.டபிள்யூ. வகைக் குடத்தில் எண்ணெய்த் துளை ஒன்று உண்டு. பல்லாண்டு உறங்கிய குடமும், மெல்லிய எண்ணெய் சில துளிகள் உட்சென்றபின் விழித்துக்கொள்வதை நாங்கள் பன்முறை கண்டிருக்கிறோம்.

அடுத்துக் காண வேண்டியது உடலுறுதி. முன்போர்க்கில் வளைவோ வெடிப்போ உண்டா என்று வெயிலில் வைத்து நோக்க வேண்டும். சட்டத்தின் மூட்டுகள் பித்தளைப் பற்றினால் இணைக்கப்பட்டவை. தெருவோரத்து வெல்டிங் அவற்றைக் கெடுத்துவிடும். வண்டி யாருடையது என்பதையும் தவறாமல் விசாரிக்க வேண்டும். திருட்டு வண்டியை வாங்குவோன் திருட்டுக்குத் துணை போகிறான்.

பழுது பார்ப்பதில் பொறுமையே முதற்கருவி. மிதிகட்டையைத் தாங்கும் காட்டர் பின்னைச் சுத்தியலால் மோதினால் அது வளைந்து வெளிவராமல் நின்றுவிடும். முந்திய இரவே எண்ணெய் விட்டு வைத்து, காலையில் அழுத்தும் கருவியால் தள்ள வேண்டும். இடப்பக்க மிதிகட்டையின் புரி இடவலமாக மாறியிருக்கும். நாட்டிங்காம் ராலேயின் அச்சுக் கிண்ணத்தில் அங்குலத்திற்கு 26 புரிகள். மற்ற ஆங்கில வண்டிகளில் பெரும்பாலும் 24. இதை அறியாமல் திணித்தால் சட்டமே பாழாகும். குண்டுகளை மண்ணெண்ணெயில் கழுவித் தேய்ந்தவற்றைக் கழித்துப் புதுக் கிரீஸில் பதிக்க வேண்டும். குரோமிய முலாத்தின் மேற்பூத்த துருவை ஈரமான அலுமினியத் தாளே அகற்றிவிடும். பழைய வண்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும். அதை உலர்ந்த நிலையில் சுரண்டலாகாது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் அவ்வேலையே கூடாது. கையால் இழுத்த பொன்வரிகள் எஞ்சியிருப்பின் அவற்றின்மேல் புதுவண்ணம் பூசாமல் மெழுகிட்டுக் காப்பதே எங்கள் வழக்கம். முதுமையை மறைப்பது செப்பனிடுதல் ஆகாது.

சக்கரத்தின் கோட்டம் எடுக்கும் கலையை எங்களுக்குக் கற்பித்தவர் மார்க்கெட்டு மூலையில் மரத்தடியில் அமர்ந்திருக்கும் முதிய மிஸ்திரி ஒருவர். ஆரக்கம்பியை விரலால் மீட்டி, எழும் ஓசையைக் கொண்டே இறுக்கம் அறிவார். எழுதப் படிக்க அறியாத அப்பெரியவரின் செவியில் இருக்கும் கல்வி எங்கள் பட்டங்களில் இல்லை. அவருக்குப்பின் அவ்வித்தையை ஏற்க அவர் வீட்டில் எவரும் இல்லை என்பதை எண்ணும்போது நெஞ்சம் கனக்கிறது.

இனி, விற்பனையைப் பற்றி ஒரு சொல். இதுவே எங்களுக்குள் பெருவாதத்தை எழுப்பியது. முழு வண்டியை விற்பதினும், தோல் இருக்கை, விளக்கு, பல்சக்கரம் எனத் தனித்தனியே பிரித்து விற்றால் கைமேல் பணம் மிகுதி. பிரித்துத் தந்தால் கேட்ட விலை தருவேன் என்று வணிகர் ஒருவர் ஆசை காட்டினார். "இரும்புதானே, இதில் என்ன பாவம்?" என்றார் எங்களுள் ஒருவர். "கபாடிவாலா செய்வதையே நாமும் செய்வதானால் நாம் எதற்கு?" என்றார் மற்றொருவர். அன்று இரவு வெகுநேரம் பேசி, உயிர் பிழைக்கக்கூடிய வண்டி எதையும் பிரிப்பதில்லை என்று முடிவு கட்டினோம். பிழைக்க வழியற்ற வண்டியே பிறவற்றுக்கு உறுப்பு தரலாம்.

அதனினும் கடினமான கேள்வி மற்றொன்று. விலை அறியாதவரிடம் விலையை மறைத்து வாங்கலாமா? பக்கத்துப் பகுதியில் வாழும் மூதாட்டியார் ஒருவர், காலஞ்சென்ற தம் கணவரின் ராலே வண்டியைப் பழைய இரும்பு விலைக்கே தர இசைந்தார். ரெயிலில் பார்சலாகத் திருச்சிராப்பள்ளியிலிருந்து வந்த வண்டி அது. அந்நகராட்சியின் உரிம வில்லை இன்னமும் அதில் தொங்கிற்று. கேட்ட தொகையைக் கொடுத்துவிட்டு வந்திருந்தால் எவரும் எங்களைக் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். ஆயினும் நடுவுநிலைமை அதிகாரத்தில் வணிகருக்கென வள்ளுவர் ஒரு குறளை ஒதுக்கியிருப்பதை இங்குள்ள பிள்ளைகளும் அறிவர். வண்டியின் உண்மை விலையை அம்மையாரிடம் கூறினோம். அவர் சற்று நேரம் பேசவில்லை. பின்னர், "பணத்தைப் பேரன் படிப்புக்குக் கொடுங்கள், அந்த வில்லையை மட்டும் எனக்குக் கழற்றிக் கொடுங்கள்" என்றார். வில்லையைத் துடைத்து அவர் கையில் வைத்தோம். இலாபம் சிறுத்தது. ஆனால் அன்றுமுதல் அப்பகுதி மக்கள் பழைய வண்டி இருப்பின் எங்களையே முதலில் அழைக்கின்றனர்.

வாங்க வருவோரிடமும் அவ்வாறே. எப்பகுதி பழையது, எது மாற்றியது, எது தேய்ந்தது என்பதை ஒரு தாளில் எழுதி வண்டியுடன் தருகிறோம். சுவரில் மாட்டி அழகு பார்ப்பவரினும் ஏறி மிதிப்பவருக்கு விலையைக் குறைக்கிறோம். கணக்கெழுதிப் பார்த்தால், எங்கள் உழைப்புக்கு நாளொன்றுக்குத் தேநீர்க் காசுகூடத் தேறாது. அதனால்தான் இது பொழுதுபோக்கு!

அன்பர்களே! தங்களிடம் எங்கள் வேண்டுகோள் இரண்டு. மாடிப்படியின் கீழோ மோட்டார் கொட்டகையிலோ தங்கள் தந்தையாரின் சைக்கிள் கிடக்குமாயின், கபாடிவாலாவைக் கூப்பிடுமுன் எங்களைக் கூப்பிடுங்கள். விற்க வேண்டுமென்பதில்லை, செப்பனிட்டுத் தங்களிடமே தருவோம். இரண்டாவதாக, தங்கள் பிள்ளைகளையும் பெண்களையும் ஞாயிறு காலை எங்களிடம் அனுப்புங்கள். அம்முதிய மிஸ்திரியைச் சங்கக் கட்டடத்துக்கே வரவழைத்துக் கோட்டம் எடுக்கக் கற்பிக்க ஏற்பாடு செய்திருக்கிறோம். அவர் செவி அறிந்ததை நம் பிள்ளைகளின் விரல்கள் அறியட்டும். அவருக்குரிய தட்சிணையைச் சங்கம் மனமுவந்து அளிக்கும் என்று செயலாளர் உறுதி கூறியுள்ளார்.