இனிஷியலும் ஒய் குரோமோசோமும்

ஒய் டிஎன்ஏ டெஸ்ட் கிட் ஒண்ணு வாங்கியிருக்கேன். ஒய் குரோமோசோம் அப்பாகிட்டருந்து மகனுக்கு மட்டும், பெரும்பாலும் மாறாமல் போகும். இங்கிலாந்தில் குடும்பப் பெயரும் அதே வழிதான். ஆக்ஸ்ஃபோர்டு மரபியலாளர் பிரையன் சைக்ஸ், ‘சைக்ஸ்’ங்கிற பெயருள்ள 48 ஆண்களைச் சோதித்து, 2000-ல் முடிவை வெளியிட்டார். கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு ஒரே ஒய். மீதிப் பேருக்கு? தத்து, அம்மா வழிப் பெயர், வெளியே சொல்லாத கதைகள்னு எதுவும் இருக்கலாம்.

நம்ம இனிஷியலோ தலைமுறைக்குத் தலைமுறை மாறுது. தாத்தாவோட அப்பா பெயரே எனக்குத் தெரியாது. அதான் இந்த ஆசை.

அம்மா கேட்டாங்க: “இதுல நான் எங்கடா இருக்கேன்?”

கணக்குப்படி, பத்துத் தலைமுறைக்கு முன்னால் எனக்கு 1,024 முன்னோர். ஒய் காட்டுவது அதில் ஒருத்தரை மட்டும்தான். கிட்டை இன்னும் பிரிக்கலை. முதல்ல அம்மாவோட பாட்டி பெயரைக் கேட்டு எழுதி வெச்சுக்கிட்டேன்.