ஏரணச் சொல் எது?



"எல்லா மனிதரும் இறப்பவர், சாத்தன் மனிதன், ஆகவே சாத்தன் இறப்பவன்." இவ்வாதத்தில் மனிதன், இறப்பவன், சாத்தன் என்பவற்றை நீக்கி வேறு சொற்களை முறையாக இட்டாலும் வாதம் நிற்கும். 'எல்லா' இருந்த இடத்தில் 'சில' வருமாயின் வீழ்ந்துவிடும். "அவன் தந்தை, ஆகவே அவனுக்கு மகவு உண்டு" என்பதும் பிழையற்றதே. எனினும் 'தந்தை' தச்சனாக மாறினால் அது நில்லாது. முன்னது வடிவத்தால் நிற்பது; பின்னது சொற்பொருளால் நிற்பது. அங்ஙனமாயின் மாற்றாது நிறுத்தற்குரிய ஏரணச் சொற்கள் எவை? இதற்கு விடையின்றேல், வாதத்தின் வடிவம் யாதென்பதே தெளிவுறாது.

ஆல்பிரட் டார்ஸ்கி 1936இல் இவ்வினாவை எழுப்பி, கூரிய எல்லைக்கோடு கிட்டுமோ என ஐயுற்றார். 1966இல் இலண்டனில் ஆற்றிய உரையில் ஓர் அளவுகோலை முன்வைத்தார். அவ்வுரை அவர் மறைவுக்குப் பின் 1986இல் அச்சேறியது. பெலிக்ஸ் கிளைன் 1872இல் வடிவியலை வகைப்படுத்திய நெறியை ஒட்டியது அது. பொருள்களை எவ்வாறு இடமாற்றினும் மாறாதிருப்பதே ஏரணக் கருத்து என்பது அதன் சாரம். 'எல்லாம்', 'சில' என்பன மாறா, 'சிவப்பு' மாறும். ஆயின் 'முடிவிலியான பொருள்கள் உள' என்பதும் இத்தேர்வில் தேறிவிடும். இதனால் கணிதமும் ஏரணத்துள் புகுந்துவிடுகிறது என 1999இல் சாலமன் பெபர்மன் மறுத்தார்.

தமிழ் மாணவர்க்கு இங்கே இடையியல் நினைவுக்கு வருதல் இயல்பு. தொல்காப்பியர் 'உம்'மைக்கு எட்டுப் பொருள் வகுத்தார். எண்ணும்மை இணைப்பைக் காட்டும். முற்றும்மை 'எல்லாம்' என்பதைக் காட்டும். இவை ஏரணப் பணிகள். "அறிஞரும் தடுமாறுவர்" என்னும் சிறப்பும்மையோ நம் மதிப்பீட்டைச் சுட்டுவது. ஆகவே ஏரணத்தன்மை சொல்லின் உருவில் இல்லை. அதன் பணியில் உள்ளது.

இதுகொண்டு, டார்ஸ்கி கூறியதைத் தொல்காப்பியர் அன்றே கூறினார் எனல் பொருந்தாது. விழைவுணர்த்தும் 'தில்' இடைச்சொல்லாயினும் ஏரணச் சொல்லன்று. எதிர்மறுக்கும் 'அல்லன்' குறிப்பு வினையாயினும் ஏரணப் பணி புரிகிறது. தனித்து நில்லாத சொல் எது என்பது இலக்கணத்தின் வினா; பொருள்கள் இடம்மாறினும் மாறாதது எது என்பது ஏரணத்தின் வினா. இரண்டையும் ஒன்றாக்குதல் இரண்டிற்கும் பெருமையாகாது. வேறுபாடு உணர்ந்து இரண்டையும் கற்பதே நம் கடமை.

பத்தாண்டு கண்ட இவ்வட்டம் இத்தகைய வினாக்களுக்கு என்றும் இடந்தந்து வளர்க என வாழ்த்தி அமைகிறேன்.