“இதை இங்கேயே முடிச்சிக்குவோம்” என்று இனிச் சொல்ல வேண்டாம்

(தோட்டத் தலைவர்கள், தலைவிமார் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளம், கொழுந்து நிறுவை, வீட்டுக் கூரை என்று பேசத்தான் நாம் வழக்கமாகக் கூடுகிறோம். இன்று நம் பிள்ளைகளைப் பற்றிப் பேசுவோம். நாங்கள் காலையில் வகுப்பில் நிற்கிறவர்கள், மாலையில் சங்க வேலையாக லயத்துக்கு வருகிறவர்கள். ஒரே பிள்ளையை இரண்டு இடத்திலும் பார்க்கிறோம். பார்த்தும் பேசாமல் இருந்தால் அந்தப் பிழையும் எங்களுக்கு இரண்டு மடங்கு.

நடந்த ஒன்றைச் சொல்கிறோம். ஊரும் பெயரும் வேண்டாம். தரம் 7 படித்த ஒரு பெண்பிள்ளை. பக்கத்துக் காம்பராவில் இருந்தவரை அவள் மாமா என்றுதான் கூப்பிடுவாள். அவர் அவளிடம் தவறாக நடந்துகொண்டார். விஷயம் அன்றிரவே பெரியவர்களிடம் வந்தது. “பொலிசுக்குப் போனா பிள்ளை பேரு கெட்டுப்போகும். இதை இங்கேயே முடிச்சிக்குவோம்” என்றார்கள். ஒரு தொகை பேசினார்கள். கோயிலில் கற்பூரம் ஏற்றிச் சத்தியம் வாங்கினார்கள். எல்லோரும் நிம்மதியாக வீட்டுக்குப் போனோம். ஆம், நாங்களும் அங்கே இருந்தோம். தடுக்கவில்லை.

மறுநாள் காலையில் அந்தப் பிள்ளை தண்ணீர் எடுக்கப் பீலிக்குப் போனாள். அவரும் அங்கே நின்றார். அடுத்த நாளும் நின்றார். அந்தத் தவணை முடிவதற்குள் அவள் பாடசாலையை விட்டு நின்றுவிட்டாள். நாம் முடித்துவைத்தது எதை? பெரியவர்களின் சங்கடத்தை மட்டும்தான்.

தோழர்களே, சம்பளப் பிரச்சினையைப் பேசித் தீர்ப்பது நம் வேலை. அங்கே தொழிலாளிக்குப் பின்னால் சங்கம் நிற்கிறது. பிள்ளையின் விஷயத்தில் பேச உட்காருகிறவர்கள் எல்லோரும் பெரியவர்கள். பிள்ளைக்கு அங்கே சங்கம் இல்லை. அதனால்தான் இப்படிப்பட்ட விஷயத்துக்குப் பஞ்சாயத்து கூடாது என்கிறோம்.

சட்டமும் அதைத்தான் சொல்கிறது. 16 வயதுக்குட்பட்ட பெண்பிள்ளை “சம்மதித்தாள்” என்று யார் சொன்னாலும் அது சட்டத்தில் செல்லாது. “அவனுக்கே கட்டி வைத்துவிடுவோம்” என்பதும் நடக்காது. பொதுத் திருமணச் சட்டத்தில் திருமணத்துக்குக் குறைந்த வயது 18. 1995இல் திருத்தப்பட்ட தண்டனைச் சட்டக் கோவையில், பிள்ளையைக் கொடுமைப்படுத்துவதும் பராமரிக்காமல் கைவிடுவதும் தனிக் குற்றமாகவே இருக்கின்றன.

எப்படிக் கண்டுபிடிப்பது? பிள்ளை வாய்விட்டுச் சொல்வது குறைவு. உடம்பும் நடத்தையும்தான் சொல்லும். விளையாடி விழுந்தால் முழங்காலும் முழங்கையும் உரசும். முதுகிலும் தொடையிலும் பிரம்புத் தழும்போ சூட்டுக் காயமோ இருந்தால் கேட்க வேண்டும். கலகலப்பாக இருந்த பிள்ளை திடீரென்று ஒடுங்கிப்போவது, பெரிய பிள்ளை மறுபடி படுக்கையை நனைப்பது, குறிப்பிட்ட ஒருவரின் வீட்டுக்குப் போகச் சொன்னால் அழுவது, கையில் காரணமில்லாமல் காசோ புதுப் போனோ இருப்பது: இவற்றைக் கண்டால் மெதுவாக விசாரியுங்கள். ஓர் அடையாளத்தை வைத்து யார் மீதும் பழி போட வேண்டாம். ஆனால் கண்டும் காணாமல் போகவும் வேண்டாம். ஆண்பிள்ளைகளுக்கும் இது நடக்கிறது. பெரும்பாலும் தெரிந்தவர்களால்தான் நடக்கிறது.

கவனிப்பாரற்று விடுவதும் கொடுமைதான். அம்மா மத்திய கிழக்கில், அப்பா குடியில், தரம் 5 பிள்ளை தம்பி தங்கைக்குச் சோறாக்கிக் கொடுத்துவிட்டு வகுப்பில் தூங்குகிறது. அந்தத் தாயைக் குறை சொல்ல நாங்கள் வரவில்லை. நாட்சம்பளத்தில் அடுப்பு எரிந்திருந்தால் அவள் விமானம் ஏறியிருக்க மாட்டாள். ஆனால் அவள் திரும்பி வரும்வரை அந்த வீட்டுக்குள் யார் எட்டிப் பார்க்கிறோம்?

பிள்ளையை வீட்டு வேலைக்கு அனுப்புவதையும் இதோடுதான் சேர்க்க வேண்டும். 2021 ஜூலையில், கொழும்பில் ஒரு வீட்டில் வேலைக்கு இருந்த டயகமப் பிள்ளை தீக்காயங்களோடு வைத்தியசாலையில் இறந்துபோனாள். வயது 16. அன்று மலையகம் முழுவதும் தெருவில் நின்றோம். ஆனால் தரகர் நம் லயத்து இஸ்தோப்பில் வந்து உட்கார்ந்தபோது யாரும் கேள்வி கேட்டிருக்கவில்லை. 16 வயதுக்குட்பட்ட பிள்ளையை வேலைக்கு வைப்பது குற்றம். அந்த வயதுவரை பள்ளிக்கு அனுப்புவதும் கட்டாயம்.

எங்கே சொல்வது? 1929. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம். காசு இல்லை, இரவு பகல் எந்நேரமும் எடுக்கலாம், தமிழில் பேசலாம். உங்கள் பெயரைச் சொல்லாமலும் முறையிடலாம். பிள்ளையின் வயது, தோட்டம், டிவிஷன், லயம், நீங்கள் கண்டது கேட்டது, பிள்ளைக்கு இப்போதே ஆபத்து இருக்கிறதா என்பதைச் சொல்லுங்கள். உடனடி ஆபத்து என்றால் பொலிஸ் 119. பொலிஸ் நிலையத்தில் சிறுவர், மகளிர் பிரிவைக் கேளுங்கள். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடமும் சொல்லலாம்.

பிள்ளை உங்களிடம் சொன்னால் குறுக்கே பேசாமல் கேளுங்கள். “நீ சொன்னது நல்லது, உன்மேல் பிழை இல்லை” என்று சொல்லுங்கள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்யாதீர்கள். ஆளுக்கு ஆள் திரும்பத் திரும்ப விசாரிக்காதீர்கள். பாலியல் கொடுமை என்றால், குளிப்பாட்டாமல், உடுப்பைத் துவைக்காமல், உடனே அரசாங்க வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். படத்தையோ பெயரையோ வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். பாதிக்கப்பட்ட பிள்ளையை அடையாளம் காட்டுவதும் குற்றம்.

“சொன்னால் பிள்ளையை ஹோமில் போட்டுவிடுவார்கள்” என்ற பயம் நமக்கு இருக்கிறது. அதை முடிவு செய்வது நீதிமன்றம். நன்னடத்தை அலுவலர் வீட்டு நிலைமையைப் பார்த்து அறிக்கை கொடுப்பார். பாட்டியோ சித்தியோ நம்பகமாகப் பொறுப்பெடுத்தால் அவர்களிடம் விடவும் வழி இருக்கிறது. அப்படி ஓர் உறவைத் தேடிக் கொடுப்பது தலைவியின் வேலையாக இருக்கட்டும்.

எங்கள் பக்கமும் சொல்ல வேண்டும். பாடசாலையில் அடிக்கக் கூடாது என்று கல்வி அமைச்சின் சுற்றறிக்கை இருக்கிறது. ஆனாலும் பிரம்பை எடுத்த ஆசிரியர்கள் எங்களுக்குள் இருக்கிறார்கள். “நல்லா அடிங்க சேர்” என்று சொன்ன பெற்றோரும் இங்கே இருக்கிறீர்கள். அடிக்குப் பயந்த பிள்ளை நாளைக்குத் தனக்கு நடந்த கொடுமையையும் நம்மிடம் சொல்லாது. இரண்டு பேரும் நிறுத்துவோம்.

இன்று மூன்று முடிவு எடுத்துவிட்டுப் போவோம். ஒன்று, பிள்ளைக்கு நடந்த கொடுமையை எந்தத் தோட்டக் கமிட்டியும் சமாதானம் பேசாது. செய்தவர் நம் சந்தாக்காரராக இருந்தாலும் சரி, கமிட்டிக்காரராக இருந்தாலும் சரி. இரண்டு, 1929 என்ற இலக்கம் பிள்ளைக் காம்பராவிலும் பெரட்டுக் களத்திலும் எழுதப்பட வேண்டும். மூன்று, தாய் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளை ஒவ்வொரு லயத்திலும் ஒரு தலைவி வாரம் ஒருமுறை போய்ப் பார்த்து வர வேண்டும். பிள்ளை மூன்று நாள் வராவிட்டால் நாங்கள் அந்தத் தலைவிக்குச் சொல்கிறோம்.

அந்தப் பிள்ளையை அன்று நாம் பீலிக்குத் தனியாக அனுப்பிவிட்டோம். இன்னொரு பிள்ளையை அப்படி அனுப்ப வேண்டாம்.