கூலி பாக்கியும் பச்சைக் கல்லும்

(மில் தொழிலாளர் வாசகசாலையில் சீனப் படம் ஒன்று காட்டப்பட்ட மறுநாள் மாலை, அங்கு நடந்த கூட்டத்தில் பேசியது.)

நேற்றிரவு இங்கே நீங்கள் சிரித்த சிரிப்பு தெருமுனை வரை கேட்டிருக்கிறது. காலையில் டீக்கடைக்காரர் என்னை நிறுத்தி, "என்ன தோழரே, சங்கத்தில் ராத்திரி சண்டையா?" என்று விசாரித்தார். "சண்டையில்லை அண்ணாச்சி, சீனப் படம்" என்றேன். அவர் நம்பவில்லை. சீனப் படம் என்றால் ஆகாயத்தில் பறந்து பறந்து உதைப்பதுதான் என்று அவர் எண்ணிக்கொண்டிருக்கிறார். நம்மில் பலரும் நேற்று வரை அப்படித்தானே எண்ணியிருந்தோம்?

ஆனால், ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. நாற்பது வருஷம் நூற்பிலே நின்று ஓய்வு பெற்றவர். படம் முடிந்து சைக்கிளை எடுக்கும்போது என் தோளைத் தொட்டு, "ஏம்ப்பா, செங்கொடி பறக்கிற நாட்டிலே பாக்டரித் தொழிலாளிக்கு மாதக்கணக்கில் சம்பளம் பாக்கி என்று காட்டுகிறான். அதைப் போட்டு நம் ஆட்களைச் சிரிக்க வைக்கிறாயே, இது நியாயமா?" என்று கேட்டார். ராத்திரி எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. இதோ, முன் பெஞ்சில் வந்து உட்கார்ந்திருக்கிறார். இன்றையப் பேச்சு பெரும்பாலும் அவருக்குத்தான்.

மூன்றாவது ஷிப்டுக்குப் போனதால் படத்தைப் பார்க்காத தோழர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். படத்தின் பெயர் 'பைத்தியக்காரக் கல்'. 2006-ல் வந்தது. எடுத்தவர் நிங் ஹாவ். 1977-ல் ஷான்சி மாகாணத்தில், இரும்பாலை நகரமான தையுவானில் பிறந்தவர். கதை நடப்பது யாங்சி நதிக்கரையில் இருக்கிற சோங்சிங் என்ற பெரிய நகரத்தில். மேடும் பள்ளமுமான ஊர். நதிக்கு மேலே கம்பியில் தொங்கிக்கொண்டு ஜனங்கள் போகிற தொங்கு வண்டி உண்டு. அந்த வண்டியிலிருந்துதான் படம் தொடங்குகிறது.

அங்கே ஒரு கைவினைப் பொருள் தொழிற்சாலை. நொடித்துக் கிடக்கிறது. சம்பளம் இல்லை. நிலத்தின் மேல் கண் வைத்த கட்டட முதலாளி ஒருவன் வட்டமிடுகிறான். மூடப்போகிற ஆலையின் நிலத்தைச் சுற்றி யார் யார் வட்டமிடுவார்கள் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சமயத்தில் பழைய கட்டடத்தை இடிக்கும்போது விலையுயர்ந்த பச்சைக் கல் ஒன்று கிடைக்கிறது. அதைக் கண்காட்சியில் வைத்து, பிறகு விற்று, கடனை அடைத்து, தொழிலாளிகளின் பாக்கியைக் கொடுக்கலாம் என்பது நிர்வாகியின் எண்ணம். காவல் காக்க வேண்டியவர் ஆலையின் காவல் பிரிவுத் தலைவர் பாவ். நேர்மையான மனிதர். அவருக்கோ நீர் பிரியாத வியாதி! படம் முழுக்க அந்த மனிதர் கழிப்பறைக்கு ஓடிக்கொண்டிருக்கிறார்.

கல்லைத் தூக்க இரண்டு கூட்டம் வருகிறது. ஒன்று, கட்டட முதலாளி கூலிக்கு அமர்த்திய ஹாங்காங் திருடன். கயிறு, கருவி எல்லாம் வைத்திருக்கிற உயர்தரத் திருடன். மற்றது, ரயிலடியில் பெட்டி தூக்குகிற மூன்று உள்ளூர்த் திருடர்கள். வந்து இறங்கியதுமே அந்த உயர்தரத் திருடனின் கருவிப் பெட்டியை உள்ளூர்த் திருடர்கள் அடித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். பாவும் அவருடைய உதவியாளும் தங்கிய விடுதியில், அடுத்த அறையில்தான் அந்த மூவரும் தங்கியிருக்கிறார்கள். காவல்காரனுக்கும் திருடனுக்கும் நடுவே ஒரு சுவர்! இதற்கிடையில் நிர்வாகியின் தறுதலைப் பிள்ளை, ஒரு பெண்ணை மயக்குவதற்காக அசல் கல்லை எடுத்துக் கொடுத்துவிட்டு போலிக் கல்லை வைத்துவிடுகிறான். அந்தப் பெண்ணோ உள்ளூர்த் திருடர் தலைவனின் காதலி. தலைவன் அசலைப் போலி என்று நம்பி, கண்காட்சியில் இருக்கிற போலியைத் திருடி, அதன் இடத்தில் அசலை வைத்துவிட்டு வருகிறான். திருடனே களவுப் பொருளைத் திருப்பி வைத்துவிட்டுத் தப்பி ஓடுகிறான், தோழர்களே!

நேற்று நீங்கள் அதிகமாகச் சிரித்தது எந்த இடத்தில் என்று கவனித்தேன். ஹாங்காங் திருடன் கூரையிலிருந்து கயிற்றில் இறங்குகிறானே, கயிறு எட்டாமல் அந்தரத்தில் தொங்குகிறானே, அங்கே. இங்கிலீஷ் படங்களில் அந்தக் கயிறு எப்போதும் எட்டும். அளவெடுத்துச் செய்தது போல எட்டும். நம் வாழ்க்கையில் எந்தக் கயிறு எட்டியிருக்கிறது? இருபதாம் தேதிக்கு மேல் சம்பளம் எட்டுகிறதா? அறுவடைக் கூலி அடுத்த நடவு வரை எட்டுகிறதா? நாம் சிரித்தது அவனைப் பார்த்து மட்டும் அல்ல.

இந்தப் படத்துக்கு ஆன செலவு சுமார் 30 லட்சம் யுவான். கொடுத்தது ஹாங்காங் நட்சத்திரமான ஆண்டி லாவின் கம்பெனி. புது இயக்குநர்களுக்காக அவர் ஒதுக்கிய பணம். (பணக்காரன் பணத்தில் ஏழை படம் எடுத்தால் குற்றமில்லை. எதை எடுத்தான் என்பதுதான் கேள்வி.) அதே 2006-ல் ஜாங் யிமோவ் என்ற பெரிய இயக்குநர் பொன் அரண்மனை, பட்டாளம், ராஜா ராணி என்று ஒரு படம் எடுத்தார். செலவு சுமார் 4½ கோடி டாலர். அந்த ஒரு படத்தின் காசில் 'பைத்தியக்காரக் கல்' மாதிரி நூறு படம் எடுத்துவிட்டு மிச்சமும் பிடிக்கலாம். ஆனால் பெயர் தெரியாத நடிகர்கள் நடித்த இந்தச் சின்னப் படம், போட்ட பணத்தைப் போல் ஏழு மடங்கு வசூலித்தது. கறுப்புத் தோல் என்று கூப்பிடுவார்களே, அந்த மூன்றாவது திருடனாக நடித்த ஹுவாங் போ, அதற்குமுன் மதுக்கடைகளில் பாட்டுப் பாடிப் பிழைத்தவர். இந்தப் படத்துக்குப் பிறகு அவர் நாடறிந்த நடிகர்.

காசு இல்லாததே இந்தப் படங்களுக்கு ஒரு பலம் ஆயிற்று என்று நான் நினைக்கிறேன். அரங்கம் போடக் காசில்லை, ஆகவே நிஜத் தெருவில் எடுத்தார்கள். ஈரச் சந்து, காரை பெயர்ந்த விடுதி, இடிக்கப்போகிற ஆலை எல்லாம் அப்படியே வந்துவிட்டன. பேச்சும் அப்படித்தான். சோங்சிங்காரன் சோங்சிங் பேச்சு பேசுகிறான், சிங்தாவிலிருந்து வந்தவன் சிங்தாவ் பேச்சு, ஹாங்காங்காரன் கான்டன் பேச்சு. நெல்லைக்காரரும் கோவைக்காரரும் வடசென்னைக்காரரும் ஒரே அறையில் சண்டை போட்டால் எப்படியிருக்கும்? சீன ஜனங்களுக்கு அப்படி இருந்தது. எழுத்தை வாசித்துப் பார்த்த நமக்கு அதில் பாதிதான் கிடைத்தது.

இந்தப் படத்தின் ஓட்டம் இங்கிலீஷ்காரர் கய் ரிச்சியின் திருட்டுப் படங்களிலிருந்து வந்தது என்று சொல்வார்கள். மூன்று கதை முட்டி மோதுகிற வித்தை அங்கிருந்து வந்தது உண்மைதான். ஆனால் சம்பள பாக்கி அங்கிருந்து வரவில்லை.

அது எங்கிருந்து வந்தது? 1990-களின் பிற்பகுதியில் சீன அரசாங்க ஆலைகளில் பெரிய ஆள்குறைப்பு நடந்தது. சில ஆலைகள் மூடப்பட்டன, சில விற்கப்பட்டன, சில கைமாறின. 1998 முதல் 2003 வரை 2 கோடியே 80 லட்சம் பேருக்கு மேல் அரசு நிறுவனங்களில் வேலை இழந்தார்கள். இது எதிரி சொன்ன கணக்கு அல்ல, 2004-ல் சீன அரசாங்கமே வெளியிட்ட அறிக்கையில் உள்ள கணக்கு. பெரும்பகுதிப் பேருக்கு மறுபடி வேலை கிடைத்ததாகவும் அதே அறிக்கை சொல்கிறது. கிடைத்திருக்கலாம். ஆனால் ஆலையிலேயே வீடு, ஆலையிலேயே ஆஸ்பத்திரி, ஆலையிலேயே பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் என்று வாழ்ந்தவன் வெளியே வந்து நிற்பது வேலையை மட்டும் இழப்பது ஆகாது. 2010-ல் ஜாங் மெங் எடுத்த ஒரு படத்தில், வேலை போன இரும்பாலைத் தொழிலாளி மகளைத் தன்னிடமே வைத்துக்கொள்ள ஒரு பியானோ வாங்க வேண்டும். காசில்லை. பழைய கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு பள்ளிக்கூடத்துப் பியானோவை ராத்திரியில் திருடப் போய் மாட்டிக்கொள்கிறான். பிறகு எல்லாருமாகப் பாழடைந்த ஆலைக்குள் புகுந்து இரும்பிலேயே ஒரு பியானோ செய்கிறார்கள். பட்டறை வேலை தெரிந்தவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது 2018-ல் வந்த படம். ராவ் சியாவ்சி எடுத்தது. தலைப்பைத் தமிழில் 'பெயரற்றவர்கள்' என்று சொல்லலாம். தென்மேற்கே, குவெய்சௌ மாகாணத்தில் ஒரு சிறு நகரம். கிராமத்திலிருந்து வந்த இரண்டு பேர் துப்பாக்கியைக் காட்டிக் கைபேசிக் கடையைக் கொள்ளையடிக்கிறார்கள். மூட்டையைத் திறந்து பார்த்தால் அத்தனையும் கண்ணாடிப் பெட்டியில் பார்வைக்கு வைக்கிற பொம்மைக் கைபேசிகள்! ஓடி ஒரு வீட்டுக்குள் ஒளிகிறார்கள். அங்கே கழுத்துக்குக் கீழே உணர்வில்லாத ஒரு பெண், சக்கர நாற்காலியில். துப்பாக்கியைக் கண்டு அவள் பயப்படவில்லை. "சுடு, சுடாவிட்டால் நீ ஆண்பிள்ளையா?" என்று ஏசுகிறாள். அவளுக்கு வேண்டியது சாவு. இவர்களுக்கோ சுட மனம் வரவில்லை. கடைசியில் கொள்ளைக்காரர்களே அவளைத் துடைத்து உடை மாற்றிவிட வேண்டியதாகிறது.

இதற்கு நடுவே ஒரு காட்சி. கடையில் அவர்கள் கொள்ளையடித்தது காமிராவில் பதிவாகியிருக்கிறது. பட்டணத்துப் பிள்ளைகள் அதில் பாட்டுச் சேர்த்து, வெட்டி ஒட்டி, கேலிப் படமாக்கி ஊரெல்லாம் பரப்பிவிடுகிறார்கள். அதைக் கொள்ளைக்காரனே பார்க்கிறான். அழுகிறான். அரைமணி நேரமாக அவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த எனக்கு அந்த இடத்தில் கன்னத்தில் அறை விழுந்தாற்போல் இருந்தது. நான் அந்தக் கேலிக்காரர்களோடு சேர்ந்துதானே சிரித்தேன்? இந்தப் படம் ஏறக்குறைய 80 கோடி யுவான் வசூலித்தது. ஊரை விட்டுப் பட்டணம் போனவர்கள் அங்கே எத்தனை கோடி என்று யோசித்தால், டிக்கெட் வாங்கியவர்கள் யார் என்பது தெரியும்.

சிரிப்பு செத்துப்போகிற இடமும் உண்டு. 2003-ல் லி யாங் எடுத்த 'குருட்டுச் சுரங்கம்' படத்தில் இரண்டு நிலக்கரித் தொழிலாளிகள். வேலை தேடி அலைகிறவனைப் பிடித்து, "எங்கள் சொந்தக்காரன் என்று சொல்" என்று சுரங்கத்துக்குள் கூட்டிப் போய், கொன்று, கூரை இடிந்து செத்தான் என்று முதலாளியிடம் நஷ்டஈடு வாங்குகிறார்கள். இதில் அவர்கள் கணக்குப் பலிப்பது எதனால்? விபத்து வெளியே தெரிவதைவிடக் காசு கொடுத்து வாயடைப்பது முதலாளிக்கு மலிவு. அந்தச் சட்டமில்லாச் சுரங்கம்தான் முதல் கொலைகாரன். பெர்லின் விழாவில் வெள்ளிக் கரடிப் பரிசு பெற்ற இந்தப் படத்தைச் சீனாவில் திரையிட அனுமதிக்கவில்லை. அதில் மதுக்கடையில் சோஷலிசத்தைப் போற்றும் பாட்டொன்றை வார்த்தை மாற்றிப் பாடுவார்கள். அதைக் கேட்டபோது என் காது கூசியது. மறைப்பானேன்? இருந்தாலும் காது கூசிற்று என்பதற்காகக் காதைப் பொத்திக்கொண்டால் சுரங்கத்தில் சாகிறவன் சாகாமல் இருந்துவிடுவானா?

இந்தப் படங்களில் எனக்குப் பிடிக்காததும் இருக்கிறது. பெண் பாத்திரங்கள் பெரும்பாலும் மெலிவு. நேற்றுப் பார்த்த படத்தில் திருடன் காதலிக்குச் சிணுங்குவதைத் தவிர என்ன வேலை? ஒரு படம் ஓடிற்று என்றதும் பின்னால் நூறு பேர் அதே அச்சில் வார்த்தார்கள். அவற்றில் பலவற்றில் ஏழையின் துன்பம் போய் ஏழையின் முட்டாள்தனம் மட்டும் மிஞ்சிற்று. அது சிரிப்பல்ல, ஏளனம். தணிக்கையும் கழுத்தில் நிற்கிறது. நிங் ஹாவ் பின்னால் எடுத்த பாலைவனப் படம் ஒன்று எடுத்து முடித்தும் மூன்று வருஷத்துக்கு மேல் பெட்டியில் கிடந்து, 2013 டிசம்பரில்தான் வெளிவந்தது.

இப்போது பெரியவரின் கேள்விக்கு வருகிறேன். அண்ணே, சம்பள பாக்கியைப் பார்த்து நம் ஆட்கள் சிரிக்கவில்லை. நிலத்தை விழுங்க வந்தவனுக்குத் தொழிலதிபர் என்று பெயர், பெட்டி தூக்கினவனுக்குத் திருடன் என்று பெயர். அந்தப் பெயர் வைப்பைப் பார்த்துச் சிரித்தார்கள். சீனத்துத் தொழிலாளியும் கொட்டகையில் உட்கார்ந்து அதற்கே சிரித்தான். செங்கொடி நாட்டில் இப்படி இருக்கலாமா என்றால், இருக்கக்கூடாது. எனக்கும் வலிக்கிறது. ஆனால் அங்கேயுள்ள தொழிலாளி தன் வாயால் சொல்வதை நாம் காது கொடுத்துக் கேட்காவிட்டால், வேறு யாரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளப் போகிறோம்?

கடைசிக் காட்சி பலருக்கு விளங்கவில்லை என்றார்கள். பாவ் தன் சம்சாரத்தின் கழுத்தில் போலிக் கல் என்று நினைத்துப் போட்டாரே, அதுதான் அசல். அவருக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. அந்தக் கறுப்புத் தோல் திருடன் என்ன ஆனான் என்றும் கேட்டார்கள். கல்லும் இல்லை, கூட்டாளிகளும் இல்லை. பசி. ரொட்டிக் கடையில் புகுந்து ரொட்டியைப் பறித்துக்கொண்டு மேம்பாலத்தில் ஓடுகிறான். பின்னால் துரத்தி வருகிறார்கள். ஓடிக்கொண்டே தின்கிறான், தின்றுகொண்டே ஓடுகிறான். படம் அங்கே முடிகிறது.

டீ வந்துவிட்டது. கேள்வி இருந்தால் கேளுங்கள்.