தனிக் குரலுக்கும் ஓர் இடம்

(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கலைக்கல்வி பற்றிப் பேசப் பணித்திருக்கிறீர்கள். ஓர் அமெரிக்கப் பாடகரின் பாதையை முன்வைத்துப் பேசலாம் என்று நினைக்கிறேன்.

'எமோ' என்ற இசை வகை 1980களின் நடுவில் வாஷிங்டன் நகரில் பிறந்தது. அங்கே 'ஹார்ட்கோர் பங்க்' குழுக்கள் வேகமும் கோபமுமாக இசைத்துக்கொண்டிருந்தன. 'ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங்' போன்ற சில குழுக்கள் அதே மேடையில் தம் மனவலியையும் பாடத் தொடங்கின. உணர்ச்சியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் சுருக்கமே இந்தப் பெயர்.

இந்த வகையைத் தனிக் கிதாருக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் கிறிஸ் கராபா. 1975இல் பிறந்தவர். பதின்பருவத்தில் புளோரிடா மாநிலத்தின் போகா ரடோன் நகருக்குக் குடிவந்தார். முதலில் 'வேகன்ட் ஆண்டிஸ்', பிறகு 'ஃபர்தர் சீம்ஸ் ஃபாரெவர்' என உள்ளூர்க் குழுக்களில் பாடினார். நமக்கு நெருக்கமான செய்தி ஒன்று உண்டு. இசையே பிழைப்பாகும் முன் அவர் வேலை பார்த்தது ஒரு தொடக்கப் பள்ளியில்.

குழுவின் டிரம்ஸ், மின்கிதார் முழக்கத்துக்குள் அடங்காத அந்தரங்கமான பாடல்கள் அவரிடம் இருந்தன. அவற்றை 'டாஷ்போர்டு கன்ஃபெஷனல்' என்ற பெயரில் தனியாகப் பாடினார். பெரும்பாலும் ஒரு சாதாரணக் கிதாரும் குரலும்தான். முதல் தொகுப்பு 2000இல் ஒரு சிறு நிறுவனம் வழியே வந்தது. 2001இல் குழுவோடு பாடிய தொகுப்பும் அவரது இரண்டாம் தனித் தொகுப்பும் வெளியாயின. அதற்குள் அவர் குழுவை விட்டு விலகியிருந்தார்.

2002இல் எம்.டி.வி.யின் 'அன்பிளக்டு' நிகழ்ச்சிக்கு அழைப்பு வந்தது. அதுவரை அவரது எந்தத் தொகுப்பும் பத்து லட்சம் விற்றிருக்கவில்லை. ஆனால் அரங்கிலிருந்த இளைஞர்கள் வரிக்கு வரி உடன் பாடினார்கள். ஒருவரின் தனித் துயரம் பலருடைய குரலானது. பழைய நண்பர்களையும் அவர் மறக்கவில்லை. 2010இல் அந்தக் குழுவோடு மீண்டும் பாடினார்.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை மூன்று.

ஒன்று, குழு ஒரு பயிற்சிக்களம். மேடைக்கூச்சம் போவதும் தாளம் பிடிபடுவதும் சேர்ந்து பாடும்போதுதான்.

இரண்டு, எல்லாக் குரலும் குழுவுக்குள் அடங்குவதில்லை. கலைத் திருவிழாவுக்குப் பெயர் கொடுக்கும்போது, கூட்டத்தில் வாயசைத்துவிட்டுத் தனியே முணுமுணுக்கும் பிள்ளையையும் கவனியுங்கள். அந்தப் பிள்ளைக்கு வேண்டியது பரிசல்ல. ஐந்து நிமிடமும் கேட்க ஒரு ஆளும்.

மூன்றாவதுதான் முக்கியம். எட்டாம், ஒன்பதாம் வகுப்பில் நோட்டின் கடைசிப் பக்கத்தில் சோகமாக எழுதும் பிள்ளைகள் இருக்கிறார்கள். 'இந்த வயசுல உனக்கு என்ன சோகம்?' என்று கேட்டால் அந்தப் பக்கம் கிழிக்கப்படும். அதன்பின் அந்தப் பிள்ளை நம்மிடம் எதையும் காட்டாது. வகுப்பில் உரக்க வாசித்துக் காட்டுவது அதைவிடக் கொடுமை. 'நல்லா எழுதியிருக்க, இன்னும் எழுது' என்று சொல்லுங்கள்.

அதே சமயம், எழுத்தில் வாழ்வே வேண்டாம் என்ற தொனி தெரிந்தால் அதைக் கவிதை என்று கடந்துவிடக் கூடாது. அன்றே தனியாக அழைத்துப் பேசுங்கள், தலைமையாசிரியரிடம் சொல்லுங்கள், 14417 உதவி எண்ணை அழையுங்கள்.

பாடகரை உருவாக்குவது நம் வேலை அல்ல. பாட நினைக்கும் பிள்ளை வாயை மூடிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது நம் வேலை.