இடையில் பட்டால் என்ன செய்வோம்?
(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியது)

சேமிப்புக் கணக்கை பைசா சுத்தமா எழுதுற நாம, மாதவிலக்குத் தேதியை எழுதுறதில்லை. உதிரம் பட்ட முதல் நாளிலிருந்து, அடுத்த முறை பட்ட முதல் நாள் வரை எண்ணணும். நம்மில் பலர் நின்ற நாளிலிருந்து எண்ணி, "இருபத்திரண்டு நாள்லயே வந்துடுது" என்று பயப்படுகிறோம். 24 முதல் 38 நாள் வரை இயல்புதான்.

நடுவில் கருமுட்டை வெளிவரும்போது சிலருக்குப் பொட்டுப் போலப் படும். காப்பர்-டி போட்ட புதிதிலும், கருத்தடை மாத்திரையை மறந்தாலும் படலாம். திருவிழாவுக்காக மாத்திரை போட்டுத் தள்ளிவைத்த மாதத்தைக் கணக்கில் சேர்க்காதீங்க. நாள் தள்ளிப்போய்ப் பட்டால், முதலில் கர்ப்பமா என்று பார்க்கணும்.

உறவுக்குப் பின் பட்டாலும், ஓராண்டு முழுசா நின்றபின் ஒரு சொட்டு பட்டாலும் உடனே டாக்டரிடம் போகணும். வெட்கம் வேண்டாம். 30 வயது தாண்டியோருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை இலவசம்.

இன்னொன்று. "கர்ப்பப்பையை எடுத்துடலாம்" என்று சொன்னதுமே உள்கடன் கேட்டு வருகிறோம். கடன் இல்லை என்று சொல்லவில்லை. ஸ்கேன், தைராய்டு பார்த்தாச்சா, சதை எடுத்துச் சோதிக்கணுமா, மாத்திரையில் சரியாகுமா என்று கேட்டுட்டு வாங்க. அரசு மருத்துவமனையிலும் ஒரு முறை காட்டுங்க. துணைக்கு ஆளில்லைன்னா ஊக்குநர் கூட வருவாங்க.